துலாவர்ஷம் வந்தாச்சு: பூவார் கரையில் இப்போது செய்ய வேண்டியவை

ஐப்பசி பிறந்துவிட்டது. பூவார், குளத்தூர், காரோடு, பாறசாலை பக்கமெல்லாம் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். உச்சை தாண்டினால் கிழக்கே மலைப்பக்கம் கருக்கும். சாயங்காலம் இடியோடு மழை கொட்டும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை கடலிலிருந்து ஏறி வந்து நாள் முழுக்க நின்று பெய்யும், வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷம் அப்படியல்ல. காலை வெயிலில் தரை காய்கிறது, கடலின் ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறுகிறது, சில மணி நேரத்துக்குள் இடிமேகம் திரண்டுவிடுகிறது. காலை வெயில் எவ்வளவு கடுமையோ, சாயங்கால இடியும் அவ்வளவு கடுமையாக வரலாம். ஆகவே வெளிவேலை எதுவானாலும் மதியம் 2 மணிக்குள் முடியுங்கள்.

வீட்டில்

பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலுக்கு வாய்ப்பு அதிகம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கிறது. முதல் இடி கேட்டதுமே உள்ளே போங்கள். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வெளியே இறங்காதீர்கள். மாடியில் காயும் துணியை எடுக்கவும், விளையில் கட்டிய ஆட்டை அவிழ்க்கவும் ஓடுவது அந்த நேரத்தில்தான். இரண்டையும் முன்கூட்டியே செய்துவிடுங்கள். டிவி, ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றுங்கள். ஜன்னல் கம்பியைத் தொடாதீர்கள், குளிக்காதீர்கள், தென்னைமூட்டில் ஒதுங்காதீர்கள்.

மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. பயப்படாமல் தொட்டு, உடனே முதலுதவி செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் 1912-க்கு அழைத்து மின்வாரியத்திடம் சொல்லுங்கள்.

விளையிலும் ஏலாவிலும்

குலை தள்ளிய ஏத்தன் வாழைக்கு இப்போதே முட்டுக் கொடுத்துக் கயிறு கட்டுங்கள். முற்றிய மரச்சீனியைத் தண்ணீர் தேங்கும் நிலத்தில் விட்டுவைத்தால் கிழங்கு அழுகிப்போகும், பிடுங்கிவிடுங்கள். வாய்க்காலில் அடைந்த மண்ணையும் சருகையும் வாரிப் போடுங்கள்.

ஆற்றுக்கரையில்

அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடும் நெய்யாறு கடலில் சேர்வது பூவார்ப் பொழியில். அதனால் இங்கே ஒரு துளி மழை இல்லாமலே வெள்ளம் ஏறலாம். நெய்யார் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 84.75 மீட்டர். நீர்மட்டம் அதை நெருங்குகிறது, ஷட்டர் உயர்த்தப்படுகிறது என்று செய்தி வந்தால் ஆற்றில் குளிக்கவோ துவைக்கவோ இறங்காதீர்கள். மணல் மூடிப் பொழி அடைபட்டிருக்கும்போதும், அமாவாசை, பௌர்ணமியையொட்டிக் கடல் ஏறும்போதும் ஆற்றுநீர் வடியத் தாமதமாகும். தாழ்ந்த இடத்தில் இருப்பவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், பட்டயம், மருந்துச்சீட்டு ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். படகுச் சவாரிக்கு வரும் விருந்தாளிகளைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். பொழிமுகத்தில் அவர்களைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

2021 நவம்பர் நடுவில் பெய்த பெருமழையில் பாறசாலை, குழித்துறை, இரணியல் பக்கம் மண் சரிந்து ரயில் ஓட்டம் நின்றது. அப்படிப்பட்ட மழையில் சாலையில் தண்ணீர் ஓடினால் ஆழம் பார்க்க வண்டியை இறக்காதீர்கள், திரும்பிவிடுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயலானபோது நம் வள்ளங்களும் தூத்தூர், வள்ளவிளைப் படகுகளும் ஏற்கெனவே கடலில் இருந்தன. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் புயலாகிவிடக்கூடும் என்பதை இந்தக் கரை உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. தாழ்வு உருவாகிறது என்ற அறிவிப்பு வந்தாலே வள்ளத்தை இறக்காதீர்கள். கரையில் காற்று அசையாமல் இருப்பதை நம்பாதீர்கள். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் எங்கே போகிறோம், என்று திரும்புவோம் என்பதை வீட்டிலும் சங்கத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

தொலைதூரக் கடலில் எழுந்த அலை சொல்லாமல் இங்கே கரையேறுவதுதான் கள்ளக்கடல். அதற்கான எச்சரிக்கையை ஐதராபாத்தில் உள்ள இன்காயிஸ் மையம் வெளியிடும். 2024 மார்ச் 31 அன்று பூவார், பொழியூர் கரையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது இங்கே காற்றோ மழையோ இல்லாதபோதுதான். எச்சரிக்கை வந்தால் வள்ளத்தையும் வலையையும் மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

மழை விட்ட பிறகு

சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு டாக்சிசைக்ளின் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் கடையில் மாத்திரை வாங்காமல் டாக்டரைப் பாருங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றில் குளோரின் போட்ட பிறகும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சிரட்டை, தொட்டி, சன்ஷேடில் தேங்கிய நீரைக் கவிழ்த்துவிடுங்கள்.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்றால் மஞ்சள், 115.6-க்கு மேல் ஆரஞ்சு, 204.4-ஐத் தாண்டினால் சிவப்பு. எல்லையில் இருக்கும் நாம் திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரண்டு மாவட்டங்களின் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். இஞ்சிவிளைச் சோதனைச் சாவடியில் மேகம் நிற்பதில்லை. இரண்டில் எது கடுமையோ அதன்படி நடங்கள். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசரத்துக்கு 112.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம், கையில் போனும் இல்லாமல் இருக்கலாம். உங்களுக்கு வந்த எச்சரிக்கையைத் தமிழில் அவரிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு உங்கள் வேலைக்குப் போங்கள்.