ஓட்டுக்கு அடியில் இருக்கும் கூரை

பெங்களூருவின் தென்கிழக்கில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து ஆனேக்கல் சாலை பிரியும் சந்தாபுரா போன்ற புறநகர்களில் புதிய தனி வீடு கட்டுவோர், சாய்வான கான்கிரீட் தளத்தின் மேல் கான்கிரீட் ஓடு பதிக்க விரும்புவதுண்டு. ஓட்டின் நிறத்தையும் விலையையும் பார்த்தே கூரை பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டாலும், வீட்டுக்குள் ஒழுக்கு வராமல் காப்பவை ஓட்டுக்கு அடியில் மறைந்துபோகும் சட்டங்களும், நீர்காப்புப் படலமும், காற்றிடைவெளியுமே என்பதை இத்தொழிலில் பழகியோர் நன்கு அறிவர்.

1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரின் ஜெப்புவில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய மங்களூர் ஓடு, களிமண்ணைச் சூளையில் சுட்டுச் செய்யப்படுவது; கான்கிரீட் ஓடோ சிமென்டையும் மணலையும் நிறத்துக்கான இரும்பு ஆக்சைடையும் கலந்து, அச்சில் அழுத்தி, சுடாமல் ஈரத்தில் பதப்படுத்தப்படுவது. மங்களூர் ஓடு ஒன்று 2 முதல் 3 கிலோ எடையிருக்க, 420 மி.மீ. நீளமும் 330 மி.மீ. அகலமும் கொண்ட கான்கிரீட் ஓடு பெரும்பாலும் 4.5 கிலோவை நெருங்குகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 ஓடு தேவைப்படுவதால், 100 சதுர மீட்டர் கூரையில் நாலரை டன் ஏறுகிறது. எனவே பழைய ஓட்டு வீட்டின் கைமரங்களைக் கண்ணளவாகப் பார்த்து அதே கனத்தில் இரும்புக் குழாய்ச் சட்டகம் அமைப்பது ஆபத்தானது. சுமையைக் கணக்கிடும் வேலை கட்டமைப்புப் பொறியாளருக்கே உரியது.

மேஸ்திரிகள் வாட்டம் என்று சொல்லும் சாய்வு 22.5 பாகைக்குக் குறையாமல், அதாவது 10 அடிக்கு நான்கடிக்குச் சற்றுக் கூடுதலான ஏற்றமாக, இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் காற்றோடு சாய்ந்து வரும் மழை, ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பின்னோக்கிப் புகும்.

சாய்தளத்தின் மேல் ஓட்டைச் சிமென்ட் கலவையில் ஒட்டிவிடுவது இப்பகுதியில் எளிய வழியாகக் கருதப்பட்டாலும், அது பரிந்துரைக்கத்தக்கது அன்று. பகல் வெயிலில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்கும் ஓட்டை இறுகிய கலவை அசையவிடாமையால் விரிசல் விழுகிறது. விரிசல் வழியே இறங்கிய நீர் வெளியேற வழியின்றித் தளத்தின் மேலேயே தங்குகிறது. ஓட்டைத் தாங்கக் குறுக்குவாட்டில் அடிக்கப்படும் ரீப்பர் எனும் மெல்லிய சட்டத்தை நேரடியாகத் தளத்தில் பதித்தாலும் தீமை முற்றிலும் நீங்குவதில்லை. ஒவ்வொரு ரீப்பரும் ஒரு சிற்றணையாகி, தூசியையும் நீரையும் தேக்கித் தானும் துருப்பிடிக்கவோ உளுக்கவோ செய்கிறது. நீர்காப்புப் படலத்தை விரித்தபின் முகட்டிலிருந்து இறவாரம் நோக்கி நெடுக்குச் சட்டங்களை முதலில் அடித்து, அவற்றின் மேல் ரீப்பரைக் குறுக்கே பொருத்தினால், வழிந்த நீர் கீழே ஓடும். இறவாரத்தில் நுழையும் காற்று முகட்டில் வெளியேறி வெப்பத்தையும் கொண்டுபோகும். படலத்தைத் துளைக்கும் ஒவ்வொரு திருகாணியின் அடியிலும் ஒட்டுநாடா வைத்து அடைப்பதை மேற்பார்வையிடுபவர் கண்ணால் பார்த்த பின்பே ஓடு ஏற்ற அனுமதிக்க வேண்டும். ஓடு மூடிய பிறகு அதைச் சரிபார்க்க வழியில்லை.

ரீப்பர்களின் இடைவெளியைக் குத்துமதிப்பாக வைக்கலாகாது. 420 மி.மீ. ஓட்டில் மேலோட்டுக்கு அடியில் குறைந்தது 75 மி.மீ. மறைய வேண்டுமாதலால் இடைவெளி 345 மி.மீ.க்கு மிகக்கூடாது. இறவாரத்துக்கும் முகட்டுக்கும் இடையே ஓடு நிரப்ப வேண்டிய நீளம் 5.1 மீட்டராயின், 345ஆல் வகுக்கும்போது 15 வரிசைக்குச் சற்றுக் குறைவாக வரும். எனவே 15 வரிசை என்று கொண்டு ஒவ்வொன்றையும் 340 மி.மீ.யாகச் சமன்செய்தால், கடைசி வரிசையை வெட்டித் துண்டாக்கும் அவலம் நேராது. இறவாரத்தின் முதல் வரிசைக்கு அடியில் வேறு ஓடு இல்லாததால் அதன் கீழ்முனை தாழ்ந்து நிற்கும். அங்கே மட்டும் ஓட்டின் கனத்துக்கு ஈடான உயரச் சட்டம் வைத்து, நுனி இறவார மழைநீர் வாய்க்காலுக்குள் ஏறத்தாழ 50 மி.மீ. நீளுமாறு அமைக்கவேண்டும்.

இரு சாய்வுகள் உட்புறமாகச் சந்திக்கும் பள்ளத்தில் தகட்டு வாய்க்கால் அமைத்து, இருபுற ஓடுகளையும் நடுவில் போதிய திறப்பு விட்டு வெட்டவேண்டும். திறப்பைக் கலவையால் அடைத்து அழகுபடுத்தினால் இலைச்சருகு தேங்கி நீர் பக்கவாட்டில் ஏறும். ஒழுக்கு என்று அழைக்கப்படும்போது முதலில் தேடவேண்டிய இடமும் இதுவே.

அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா பாலைநிலங்களில் இதே ஓடு வேய்ந்த வீடுகள் ஏராளம். அங்கு ஓடு அரை நூற்றாண்டையும் தாண்டி நிற்க, அடியிலுள்ள தார்ப்படலம் கடும் வெப்பத்தில் 20, 30 ஆண்டுகளில் பொடிந்துவிடுவதால், ஓட்டைக் கழற்றி அடுக்கி, படலத்தை மாற்றி, அதே ஓட்டையே மீண்டும் வேய்கிறார்கள். மழை அரிதான பாலையில் பழுது வெளிப்படத் தாமதமாகும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை கொட்டித் தீர்க்கும் பெங்களூருவில், மலிவான படலத்தின் குட்டு முதல் பருவத்திலேயே உடைந்துவிடும். கலவையில் ஒட்டிய ஓட்டையோ உடைக்காமல் எடுக்கவே முடியாது.

மின்வாளால் ஓட்டை அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடானது. கூரையிலேயே அதைப் படியவிட்டால் அடுத்த மழையில் கறையாகவும் இறுகும். எனவே தரையில், நீர் ஊற்றி அறுப்பதே முறை. புது ஓட்டின் மேல் பூக்கும் வெண்படிவு, ஈரத்தோடு வெளிவந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவுடன் சேர்ந்து உண்டாவது; மழையில் தானே மங்கிவிடும் அதற்காக அமிலம் ஊற்றிக் கழுவினால் மேற்பூச்சுதான் கெடும். தொட்டி சுத்தம் செய்யவோ சூரியத் தகடு பொருத்தவோ மேலே ஏறுபவர், ஓட்டின் நடுவில் மிதிக்காமல், கீழோட்டின் மேல் ஏறி நிற்கும் கீழ்விளிம்பில் கால் வைக்கவேண்டும். அப்படியும் சில உடையும்; அடுத்த முறை தயாராகும் ஓட்டின் நிறம் சற்றே மாறி வரக்கூடும் என்பதால், அதே தொகுதியில் சில டஜன் ஓடுகளை வாங்கும்போதே கூடுதலாக எடுத்துப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கி வைத்துக்கொள்வது வழக்கம்.