தினமும் பெங்களூர் போய்வருபவரா? வேலை சலிக்காமலிருக்க...

2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், கோலார் தங்கவயலில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். அங்குள்ள மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறி, தினமும் போய்வருபவர்களுக்குச் சில குறிப்புகள்:

• காலை ரயிலில், அன்று கட்டாயம் முடிக்கவேண்டிய மூன்று வேலைகளை எழுதுங்கள். திரும்பும்போது முடித்தவற்றை டிக் செய்யுங்கள். உழைத்தது கண்ணுக்குத் தெரிந்தால் மனம் நிறையும்.

• மாலை ரயிலேறியதும் அலுவலக வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்யுங்கள்.

• ரயில் சிநேகிதர்களிடம் மேலதிகாரியைத் திட்டித் தீர்ப்பதோடு நிற்காமல், அவர்கள் தொழிலின் நுணுக்கம் ஒன்றையும் கேட்டறியுங்கள்.

• வாரத்தில் ஒருநாள் மாலையை வீட்டாருக்கென்றே ஒதுக்குங்கள்.

• ஆறு மாதமாகப் புதிதாக எதுவும் கற்கவில்லையா? வேறு வேலை தேடலாம். ஆனால், பணி நியமன ஆணை கைக்கு வந்தபிறகே ராஜினாமா கடிதம் கொடுங்கள்.