நம்ம ஒய்.பி.யின் கணக்கைப் படிப்பது எப்படி?



போன வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, நம்ம ஒய்.பி. நாடாளுமன்றத்துல எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாரு? எங்க பார்க்கிறது?" எனக்கு உடனே பதில் தெரியல. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொறியியல் படிக்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மீட்டர் எதை அளக்குதுன்னு தெரியாம ரீடிங்கை நம்பக் கூடாது. இங்கேயும் அதேதான்.

1. வருகை
நாடாளுமன்றத்தில் பேசியதெல்லாம் ஹன்சார்ட் என்ற ஏட்டில் மலாய் மொழியில் பதிவாகிறது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். முன் பக்கங்களில் வந்தவர், வராதவர் பட்டியல் இருக்கும். ஆனால் அது வந்தாரா என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று சொல்லாது.

2. வாக்கு
பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடும். அதில் யார் பெயரும் பதிவாகாது. தலை எண்ண வேண்டுமென்றால் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்கணும். 2020 நவம்பர் 26-இல் வரவு செலவுத் திட்டத்துக்கு 13 பேர்தான் நின்றார்கள், அதனால் எண்ணவில்லை. டிசம்பர் 15-இல் எண்ணியபோது 111-க்கு 108 என்று நிறைவேறியது. அரசியலமைப்பைத் திருத்த 222 பேரில் 148 பேர் வேண்டும் என்பதால் அங்கே எண்ணியே தீரணும். 18 வயதில் ஓட்டுரிமை தந்த திருத்தம் 2019 ஜூலை 16-இல் 211 ஆதரவு வாக்குகளோடு நிறைவேறியது.

ஆகவே, "அவரு எதிரா ஓட்டுப் போட்டாரு" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அது குரல் வாக்கா, எண்ணிய வாக்கா என்று முதலில் கேளுங்கள்.

3. கேள்வியும் பேச்சும்
கோல சிலாங்கூர் உறுப்பினர் டத்தோஸ்ரீ டாக்டர் சுல்கிப்ளி அஹ்மாட் 2023 டிசம்பரில் மீண்டும் சுகாதார அமைச்சரானார். அமைச்சர் சபையில் கேள்வி கேட்பவர் அல்ல, பதில் சொல்பவர். கேள்விகளை மட்டும் எண்ணினால் அவர் கணக்கு பூஜ்யம்தான் காட்டும். அவர் சொன்ன பதில்களைப் படித்துத்தான் எடை போடணும்.

இன்னொன்று, எந்தச் சபை என்று பாருங்கள். தோட்டத் தொழிலாளர் வீடுகளின் தரத்தைச் சொல்லும் 446-ஆவது சட்டம் நாடாளுமன்றம் போட்டது. நிலமோ மாநில அதிகாரம். லயத்து வீட்டு நிலத்தைப் பற்றிய கேள்வியை புக்கிட் மெலாவத்தி, ஈஜோக், ஜெராம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்கணும். ஹன்சார்ட்டில் மட்டும் தேடிவிட்டு "ஒண்ணும் பேசல" என்று சொல்வது நியாயமில்லை.

இதெல்லாம் நமக்கு எதுக்கு? 2022-இல் இந்தத் தொகுதியின் பெரும்பான்மை 1,002 வாக்குகள்தான். ரெண்டு மூணு தோட்டத்துப் பிள்ளைகளும் பக்கத்துத் தாமான் பிள்ளைகளும் சேர்ந்தாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும். இப்போது 18 வயதானால் நம் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. தெரிந்து போடுகிறோமா என்பதுதான் கேள்வி.

பயிற்சி: இருவர் இருவராக உட்கார்ந்து ஒரு நாள் ஹன்சார்ட்டைத் திறங்கள். தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல்லைத் தேடுங்கள். யார் கேட்டார், யார் பதில் சொன்னார், என்ன வாக்குறுதி தந்தார் என்று மூன்று வரி எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். திட்டுவதற்கு முன்னும் புகழ்வதற்கு முன்னும் படிப்போம்.