தென்னை வரிசையும் இணைகோடுகளும்: கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பாட்டு, படம் தவிர வேறு என்ன செய்யலாம் என்று கேட்பதுண்டு. பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் இணைகோடுகளை இந்த முறை திரையில் வரைந்து பார்ப்போம். எங்கள் மகாராஜபுரம் பகுதியில் தென்னந்தோப்புகள் நிறைய என்பதால், நான் தோப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு ஜியோஜீப்ரா என்ற சாஃப்ட்வேர் போதும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் உருவாக்கத் தொடங்கியது. வீட்டில் படிப்பதற்குக் கட்டணம் கிடையாது. அதில் "கிளாசிக்" என்ற வகையைத் திறந்துகொள்ளுங்கள்.

தோப்பின் தென்மேற்கு மூலையை 0 என்று வைப்போம். அங்கிருந்து கிழக்கே போகும் தூரம் எக்ஸ், வடக்கே போகும் தூரம் ஒய். அளவு அடிக்கணக்கில். அந்த மூலையில் தொடங்கும் வாய்க்கால் ஒன்று, கிழக்கே 4 அடி போனால் வடக்கே 3 அடி ஏறுகிறது. அதன் சாய்வு 3/4. எனவே சமன்பாடு:

ஒய் = (3/4) எக்ஸ்

இடப்பக்க இன்புட் பாக்ஸில் இதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கோடு வந்துவிடும்.

இனி முதல் தென்னை வரிசை. அது வாய்க்காலுக்கு இணையாகவும், ஏற்கெனவே நிற்கும் ஒரு மரத்தின் வழியாகவும் போக வேண்டும். மரம் கிழக்கே 40, வடக்கே 40 அடியில் நிற்கிறது. இணைகோடுகளுக்குச் சாய்வு ஒன்றே. ஆகவே ஒய் = (3/4) எக்ஸ் + சி. இதில் 40, 40-ஐப் போட்டால், 40 = 30 + சி. சி = 10.

ஒய் = (3/4) எக்ஸ் + 10

பாடப்புத்தக வடிவில் இதுவே 3எக்ஸ் − 4ஒய் + 40 = 0. இணைகோடுகளில் 3-ம் 4-ம் மாறாது; கடைசி எண் மட்டும் மாறும்.

அடுத்த வரிசைக்குத்தான் கவனம் தேவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைக்குச் சொல்லும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி. அப்படியானால் சி-யில் 25 கூட்டி, 35 என்று போடலாமா? போட்டுப் பாருங்கள். மவுஸ் வீலை உருட்டிப் படத்தைச் சிறிதாக்குங்கள். பிறகு கோணப் படம் உள்ள பட்டனின் கீழ் வரும் தூரம் அளக்கும் கருவியை எடுத்து, இரு வரிசைகளையும் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யுங்கள். 20 என்று காட்டும்!

காரணம் எளிது. சி என்பது நேர் வடக்கே அளக்கும் தூரம். வரிசை இடைவெளியோ கோட்டுக்குச் செங்குத்தாக அளப்பது. கோடு சாய்ந்திருந்தால் இரண்டும் ஒன்றாகாது. சாய்வின் வர்க்கத்துடன் 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள்: 9/16 + 1 = 25/16; மூலம் 5/4. தேவையான இடைவெளியை இதனால் பெருக்க வேண்டும். 25 × 5/4 = 31.25. ஆக, இரண்டாம் வரிசைக்கு சி = 41.25, மூன்றாவதற்கு 72.5. இப்போது அளந்தால் சரியாக 25 வரும்.

ஐந்தடிதானே என்று விட்டுவிட முடியாது. 25-க்கு 25 அடியில் ஏக்கருக்குச் சுமார் 70 கன்று பிடிக்கும். வரிசை இடைவெளி 20 அடியானால் 87 கன்று. எண்ணிக்கை கூடியதே என்று தோன்றும்; வளர்ந்தபின் மட்டைகள் பின்னிக்கொண்டு வெயிலுக்குப் போட்டி போடும். பல பத்தாண்டுகள் நிற்கும் மரத்தைப் பிடுங்கி நட முடியாது. திரையில் என்றால் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

நீங்களே செய்து பாருங்கள்: வாய்க்கால் கிழக்கே 12 அடிக்கு வடக்கே 5 அடி ஏறுகிறது. 24 அடி இடைவெளி வேண்டுமானால் சி எவ்வளவு கூட வேண்டும்? (விடை: 26)