பலன் தூரத்தில், விலை பக்கத்தில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் புராஸ்டேட் பயாப்ஸி ரிப்போர்ட்டை உன் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பிஎஸ்ஏ 6.8, கிளீசன் 3+3=6, எடுத்த 12 துண்டில் 2-ல் மட்டும் நோய். "நாளைக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்" என்று நீ துடிக்கிறாயாம். அக்கா போனில் அழுதாள். ஆயுள் முழுக்க அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நிதானமாகப் படி.

பயாப்ஸியில் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கிளீசன் எண்ணில் ஆகக் குறைந்தது 6, உனக்கு வந்திருப்பதும் அதுதான். 8, 9, 10 என்று வந்திருந்தால் இன்றே கிளம்பு என்றுதான் எழுதியிருப்பேன். உனக்கு யோசிக்கச் சில வாரங்கள் இருக்கின்றன.

பிரிட்டனில் புராஸ்டேட் புற்றுநோய் பரவாத 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, இன்னொரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று வைத்துப் பார்த்தார்கள். 15 ஆண்டு முடிவு 2023-ல் வெளிவந்தது. எந்தப் பிரிவானாலும் 100-க்குச் சுமார் 97 பேர் இந்த நோயால் சாகவில்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் 100-க்கு 9 பேருக்கு நோய் பரவியது. மற்ற இரண்டிலும் 5 பேருக்கு. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 சதவீதம் பேர் இடையில் சிகிச்சைக்கு மாறினார்கள். ஆய்வில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள், அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது என்பதையும் மனதில் வை.

இந்த நோயில் சிகிச்சையின் பலன் பத்து, பதினைந்து வருடம் கழித்து வருவது. அதன் விலையோ மறுநாளே தொடங்குவது. இதய நோயுள்ள 78 வயதுக்காரருக்கு அந்தப் பலன் கைக்கு வராமலே போகலாம். உனக்கு 61, அதனால் இரண்டையும் எடை போட்டே ஆக வேண்டும்.

அறுவை செய்தால் ஒன்றிரண்டு வாரம் சிறுநீர்க் குழாயோடு இருக்க வேண்டும், பல வாரம் பாரம் தூக்கக் கூடாது. சிறுநீர்க் கசிவு பலருக்கு மாதக்கணக்கில் இருக்கும்; அந்த ஆய்வில் 12 வருடம் கழித்தும் 100-க்கு 24 பேர் பேட் வைத்திருந்தார்கள். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பில் குலுங்கி ஏறி, பகலெல்லாம் ஏலக்காய்த் தோட்டச் சரிவில் நிற்கிறவன் நீ. கதிர்வீச்சென்றால் நான்கிலிருந்து எட்டு வாரம் வரை வாரத்துக்கு ஐந்து நாள் மதுரைக்குப் போய்வர வேண்டும். காய் எடுப்புக் காலத்தில் அது எப்படி என்று பார். பின்னாளில் மலத்தில் ரத்தம் வரலாம். ஆண்மைக் குறைவு இரண்டிலும் உண்டு. இதை டாக்டரிடம் கேட்க வெட்கப்படாதே. உன் மனைவியையும் அழைத்துப் போ; வாழ்க்கை இருவருடையது.

பூச்சி தெரிந்ததுமே பூத்திருக்கும் ஏலத்துக்கு மருந்தடித்தால் தேனீயும் சாகும், காய் பிடிக்காது என்பது உனக்கே தெரியும். எவ்வளவு பூச்சி, எந்த நேரம் என்று பார்த்துத்தானே அடிக்கிறாய்? உடம்புக்கும் அந்தக் கணக்கைப் போடு.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடாதே. முதலில் எம்ஆர்ஐ எடு. ஊசி தொடாத இடத்தில் பெரிய கட்டி இருக்கிறதா என்று அதில் பெரும்பாலும் தெரியும். லேபில் உன் ஸ்லைடுகளையும் பிளாக்குகளையும் கேட்டு வாங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ வேலூர் சிஎம்சியிலோ இன்னொரு முறை படிக்கச் சொல். கிளீசன் எண் மாறினால் முடிவும் மாறும். அறுவை செய்பவர், கதிர்வீச்சு கொடுப்பவர் இருவரையும் பார், இருவரிடமும் "எனக்கு இப்போதே சிகிச்சை தேவையா? தள்ளிப்போட்டால் என்ன இழப்பேன்?" என்று கேள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எதெல்லாம் அதில் வரும் என்பதையும் முன்பே விசாரித்துவிடு. பணம் போதாது என்பதற்காக ஒரு வழியைத் தேர்ந்துவிடாதே, நாங்கள் இருக்கிறோம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: எம்ஆர்ஐயும் இரண்டாவது ரிப்போர்ட்டும் இப்போதைய ரிப்போர்ட்டையே உறுதி செய்தால், கண்காணிப்பில் தொடங்கு. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, டாக்டர் சொல்லும்போது மறு பயாப்ஸி, இதில் ஒரு தவணையும் தவறக் கூடாது. எடுப்பு நேரம், ஏலம் போடும் நாள் என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுவாய் என்றால், இப்போதே சிகிச்சை எடுத்துக்கொள்வதுதான் உனக்குப் பாதுகாப்பு.

அன்புடன்,
உன் தாய்மாமன்