கம்ப்யூட்டரின் கொல்லைக் கதவு

சங்கக் கட்டிடத்தின் முன்வாசலுக்குப் பூட்டு உண்டு. இரவுக் காவலும் உண்டு. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் கழன்று கிடப்பதை மட்டும் எவரும் கவனிப்பதில்லை. நூல் இருப்பு, கூலிப் பட்டியல், பங்குத்தொகை, பயிர்க்கடன் பாக்கி ஆகிய யாவும் இன்று கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. அந்த யந்திரத்திற்கும் இத்தகைய கொல்லைக் கதவு உண்டாகக்கூடும். அது குமாஸ்தாவின் வேலை என்று அங்கத்தினர்கள் இருந்துவிடலாகாது. உள்ளே இருப்பது அவர்கள் பணம்.

உரியவர் அறியாமல் உள்ளே புகுந்து அமர்ந்து, எங்கோ இருக்கும் ஒருவன் அந்த யந்திரத்தைத் தன் கைக்கடியில் உள்ளதுபோல் இயக்க வழிவிடும் நிரலையே பின்வாசல் நிரல் என்கிறோம். அது எதையும் உடைப்பதில்லை. சத்தமின்றி இருப்பதே அதன் பலம். 1998-ல் ஸ்வீடன் நாட்டு நிரலாளர் ஒருவர் எழுதி வெளியிட்ட 'நெட்பஸ்' இவ்வகையில் பேர்பெற்றது. 12345 என்ற எண்ணுள்ள போர்ட்டைத் திறந்துவைத்து, வெளியாளின் கட்டளைக்குக் காத்திருக்கும். அவன் திரையைப் பார்க்கலாம். தட்டும் எழுத்துக்களைப் படிக்கலாம். கோப்புக்களை எடுக்கலாம், வைக்கவும் செய்யலாம்.

இந்த 'வைத்தல்' எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதற்கு லுண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்ததே சாட்சி. 1999-ல் அங்கே சட்டத்துறையைச் சேர்ந்த ஓர் அறிஞரின் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான ஆபாசப் படங்கள், அதுவும் குழந்தைகளை இழிவுபடுத்துபவை, கண்டெடுக்கப்பட்டன. அவர் வேலையை இழந்தார். ஊரார் தூற்ற, நாட்டை விட்டே வெளியேறினார். நெட்பஸ் வழியாகப் பிறர் அந்த யந்திரத்தை ஆண்டிருந்தனர் என்று கண்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது 2004-ல்தான்.

இதனை விரித்துரைக்கக் காரணம் உண்டு. நாம் பார்வையிடச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், ஒரு குமாஸ்தாவின் மீது ஏறத்தாழ இதே பழி விழ இருந்தது. பாங்குக் கணக்கிலிருந்து தொகையொன்றை மாற்ற, யாரும் வேலை செய்யாத நடுப்பகலில் எவரோ முயன்றிருந்தனர். முயற்சி பலிக்கவில்லை. ஆயினும் கடவுச்சொல் குமாஸ்தா ஒருவருக்கே தெரியுமாதலால், நிர்வாகக் குழுவினர் அவரைத்தான் நோக்கினர். அவர் அழவில்லை. "மதியம் நான் சாப்பிடப் போன நேரத்திலும் அந்தப் பெட்டியின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது ஐயா" என்று மட்டும் சொன்னார். இணைய இணைப்புப் பெட்டியைத்தான் சொன்னார்.

அந்த ஒரு சொல்லைக் கொண்டு தேடினோம். திறந்திருந்தவற்றையெல்லாம் மூடிவிட்டு, கட்டளைத் திரையில் 'நெட்ஸ்டாட்' என்பதை '-ஏஎன்ஓ' என்னும் குறியுடன் இட்டால், யந்திரம் யார் யாருடன் தொடர்பு கொண்டுள்ளது என்ற பட்டியல் வரும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எண் இருக்கும். அதே எண்ணை 'டாஸ்க் மேனேஜரில்' தேடினால் எந்த நிரல் என்பது தெரியும். வெளி முகவரிகள் எல்லாம் திருடர் முகவரிகள் அல்ல; விண்டோஸே பல இடங்களுடன் பேசும். அந்நிரல் குடியிருக்கும் இடமே ஐயத்தைத் தீர்ப்பது. விண்டோஸின் பெயரைச் சூடிய ஒன்று, விண்டோஸின் அறையில் இராமல், 'ஆப்டேட்டா' என்னும் தனிநபர் கிடங்கில் ஒளிந்திருந்தது. நெட்பஸைப்போல் இது வெளியாளை எதிர்பார்த்து நிற்கவில்லை. இக்காலத்தவை பெரும்பாலும் உள்ளிருந்தே அவனை அழைக்கின்றன. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல், உள்ளிருந்து போவதைப் பொதுவாகத் தடுப்பதில்லை அல்லவா?

வந்த வழியும் தெரிந்தது. ரிபேட் உத்தரவு என்ற பெயரில் ஒரு கடிதக் கோப்பு மின்னஞ்சலில் வந்திருந்தது. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துக்களை விண்டோஸ் தானாக மறைத்துவிடுவதால், அது 'இஎக்ஸ்இ' என முடியும் நிரல் என்பது குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. அந்த மறைப்பை நீக்கி வைத்தல் ஒரு நிமிட வேலை.

திரையைப் படம் பிடித்துக்கொண்டு, இணைப்புக் கம்பியைக் கழற்றினோம். (சுட்டி தானே நகர்வதைக் கண்டாலோ பணம் நகர்வதாக அறிந்தாலோ படத்திற்குக் காத்திராமல் கம்பியை முதலில் கழற்றுக.) உள்ளூர் மெக்கானிக் ஒருவர் முன்பே அந்தக் கோப்பை ஒருமுறை அழித்திருந்தாராம், மறுநாள் அது திரும்பவும் வந்துவிட்டது. களையின் தலையைக் கிள்ளினால் வேர் போகுமா? 'டாஸ்க் ஷெட்யூலரில்' ஒரு வேலை குறிக்கப்பட்டிருந்தது: நிரல் இல்லையெனில் மீண்டும் கொண்டுவந்து வை என்பது. யந்திரம் எழும்போது தாமே எழும் நிரல்கள் யாவற்றையும் மைக்ரோசாப்ட் இலவசமாக அளிக்கும் 'ஆட்டோரன்ஸ்' ஒரே பட்டியலில் காட்டும். விண்டோஸ் எழுமுன்பே சோதிக்கும் 'டிபென்டர் ஆப்லைன்' சோதனையும் உண்டு. இரண்டும் நல்லவையே. ஆயினும், ஒருமுறை அந்நியன் நடமாடிய யந்திரத்தை, பணம் வைக்கும் யந்திரமாக நம்புவதற்கு நாம் உடன்படோம்.

எனவே பழைய தட்டைக் கழற்றி, உறையிலிட்டு, தேதியுடன் காரியதரிசியும் தலைவரும் கையெழுத்திட்டு அலமாரியில் பூட்டினோம். மெக்கானிக் அதனை அழித்துப் பயன்படுத்தலாம் என்றார்; மறுத்துவிட்டோம். குமாஸ்தாவின் நிரபராதம் அதனுள்தான் இருந்தது. புதுத் தட்டில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, தொற்றுக்கு முன் எடுத்த பிரதியிலிருந்து கணக்குகளை மட்டும் ஏற்றினோம். பழைய நிரல் ஒன்றையும் ஏற்றவில்லை. கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான யந்திரத்திலிருந்து மாற்றினோம். அழுக்கு யந்திரத்தில் மாற்றினால் புதியதையும் அவனே முதலில் படிப்பான். பாங்கிற்கு எழுத்து மூலம் அறிவித்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிட்டோம். இரவும் பகலும் யந்திரத்திலேயே செருகிக் கிடந்த மின் கையொப்பச் சாதனம் இப்போது தலைவரின் பெட்டியில் இருக்கிறது.

படங்களைக் கண்ட நிர்வாகக் குழுவினர், சந்தேகக் குறிப்பைத் தீர்மானப் புத்தகத்திலேயே ரத்து செய்தனர். குமாஸ்தா புது யந்திரத்தில் கூலிப் பட்டியல் போடுகிறார். நிரல் எதையும் நிறுவும் அதிகாரமில்லாத சாதாரணக் கணக்கில். அதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.