உப்பு காட்டிக்கொடுக்கும் கசிவு

மானாமதுரைப் பானையில் இரவு நிரப்பி வைத்த தண்ணீர் காலையில் சற்றுக் குறைந்திருக்கும். பானை ஒழுகுகிறதா, தண்ணீர் ஆவியாகிப் போனதா? ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் கேட்டு, விடையை உடனே சொல்லாமல் விட்டுப் பாருங்கள். அரை மணி நேர விவாதம் நடக்கும். இதே கேள்வி மதுரையின் பெரிய மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள், பல மாடி ஜவுளிக்கடைகள் ஆகியவற்றின் மொட்டைமாடியிலும் தினமும் எழுகிறது. அங்கே பானைக்குப் பதில் கூலிங் டவர் நிற்கிறது.

கட்டடத்துக்குள் இருக்கும் வெப்பத்தை ஏ.சி. இயந்திரம் தண்ணீரில் ஏற்றி மாடிக்கு அனுப்புகிறது. டவரில் அந்தத் தண்ணீர் மேலிருந்து சிதறி விழும்போது மின்விசிறி காற்றை இழுக்கிறது. ஒரு பகுதி ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. மீதி குளிர்ந்து தொட்டியில் விழுந்து மறுபடி கீழே இறங்குகிறது. வீட்டு ஏர்கூலரும் பானையும் செய்கிற வேலைதான். குறைந்த தண்ணீரை ஈடுகட்டப் பந்து வால்வு தானாகத் திறந்துகொள்ளும். சிக்கலே இங்குதான். குழாயில் ஓட்டை இருந்தாலும் தொட்டியின் மட்டம் குறையாது, ஏ.சி. நன்றாகவே குளிரும். கசிவு மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் ஓடும்.

1959-இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 71 அடி. அந்த மட்டம் இறங்க இறங்க மதுரையில் குடிநீர் வரும் நாள்களின் இடைவெளி கூடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்போது பெரிய கட்டடங்கள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்புகின்றன. அங்கே வீணாகும் நீர் பக்கத்துத் தெருவின் அடிபம்புக்கும் சேர வேண்டிய நிலத்தடி நீர்தான். ஆகவே இந்தக் கணக்கு வகுப்பறைக்குள் வரத் தகுதியானது.

முதலில் டவர் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். ஏ.சி.யை ஏன் 'டன்' கணக்கில் சொல்கிறோம் என்று மாணவர்கள் கேட்பார்கள். அது பனிக்கட்டி வியாபாரக் காலத்து அளவு. (கப்பலில் அமெரிக்கப் பனிக்கட்டி வந்து இறங்கிய சென்னை ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.) ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பமே ஒரு டன் குளிர்ச்சி. ஒரு கிலோவுக்கு 334 கிலோ ஜூல் என்று பெருக்கி 86,400 நொடியால் வகுத்தால் சுமார் 3.5 கிலோவாட் வரும். உள்ளுறை வெப்பத்துக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

நூறு டன் இயந்திரம் என்றால் 350 கிலோவாட். அதை இயக்கும் மின்சாரமும் வெப்பமாகவே முடியும். 70 கிலோவாட் என்று கொள்வோம். மொத்தம் 420. பாடநூலில் உள்ள 2,260 என்ற எண் கொதிநிலைக்கு உரியது. 30 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோ ஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் மணிக்குச் சுமார் 620 லிட்டர். பத்து மணி நேரத்துக்கு 6,200 லிட்டர். வெப்பம் முழுவதும் ஆவியாதலாலேயே போகிறது என்று வைத்துக்கொண்ட தோராயம் இது. எங்கும் ஓட்டை இல்லாமலே இவ்வளவு போகும் என்பது மாணவர்களை வியக்க வைக்கும்.

ஆவி உப்பை எடுத்துச் செல்வதில்லை. உள்ளே வரும் தண்ணீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்பு இருந்தால் டவர் தொட்டியில் அது ஏறிக்கொண்டே போகும். குழாயில் உப்புப் படியாமலிருக்க, 1,800-ஐத் தாண்டாதபடி கொஞ்சம் தண்ணீரை வேண்டுமென்றே வெளியே விடுவார்கள். நம் எடுத்துக்காட்டில் அது 3,100 லிட்டர். ஆக நாளொன்றுக்கு உள்ளே வர வேண்டியது 9,300 லிட்டர். உப்பைச் சரிபாருங்கள். 9,300 × 600, 3,100 × 1,800, இரண்டும் 5.58 கிலோ. வந்த உப்பும் போன உப்பும் சமம்.

இப்போது மீட்டர் 12,000 காட்டுகிறது என்று வையுங்கள். 2,700 லிட்டர் எங்கே? தொட்டியின் உப்பைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். டவர் சுற்றில் கசிவு இருந்தால் அது உப்பையும் சேர்த்தே கொண்டுபோகும். 1,800 இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 1,240தான் இருக்கும். மாறாக, வெளியே விடும் அளவும் மாறாமல், உப்பும் 1,800-லேயே நின்றால் அந்தத் தண்ணீர் டவருக்கு வந்து சேரவே இல்லை. மீட்டருக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள, பெரும்பாலும் மண்ணுக்கடியில் போகும் குழாயைத் தோண்ட வேண்டும். உப்பளவைப் பார்த்துத் தானே திறந்து மூடும் வால்வு உள்ள கட்டடங்களில் ஒரு வேடிக்கை உண்டு. கசிவால் உப்பு குறையும்போது அந்த வால்வு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். மொத்தக் கணக்கு மாறாது. வால்வு திறக்கும் நேரத்தையும் குறித்து வைத்தால்தான் கசிவு பிடிபடும். கருவி வாங்கிவிட்டால் போதும் என்ற எண்ணத்தை நான் இதனால்தான் நம்புவதில்லை.

பிறகு இடத்தைத் தேடுவது. விடுமுறை நாளில் இயந்திரத்தை நிறுத்தி, ஒவ்வொரு பகுதியின் வால்வாக மூடி, மீட்டர் எப்போது நிற்கிறது என்று பார்ப்பார்கள். கட்டடத்துக்குள் ஓடும் குளிர்நீர்க் குழாய் மூடிய சுற்று. அங்கே ஆவியாதலே இல்லை. அதற்குப் புதுத் தண்ணீர் தொடர்ந்து தேவைப்பட்டால் கசிவு நிச்சயம். ஆனால் குழாயைச் சுற்றிய உறைக்குள்ளேயே நீர் வழிந்து, ஓட்டைக்குப் பல அடி தள்ளிச் சொட்டும். மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின் அடியில் பாத்திரம் வைத்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எல்லாச் சொட்டும் கசிவும் அல்ல. ஐப்பசி ஈரக்காற்றில் குளிர்ந்த குழாய் வியர்க்கும். சொட்டை நேராகக் கிண்ணத்தில் பிடித்து டி.டி.எஸ். மீட்டரை நனைத்தால் போதும். காற்றிலிருந்து வந்த வியர்வையில் உப்பு மிகக் குறைவு. குழாய் நீரில் பல நூறு காட்டும். கூரையில் ஊறி வந்த சொட்டு சிமெண்டின் உப்பைக் கரைத்திருக்கும், அதை நம்பக் கூடாது.

வகுப்பறையில் செய்ய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் உப்பு கரைத்த இரண்டு பங்கு வேண்டும். ஒன்றை அகலத் தாம்பாளத்தில் வெயிலில் வையுங்கள். மற்றதை ஊசித்துளையிட்ட பாட்டிலில் ஊற்றிச் சொட்டவிடுங்கள். இரண்டும் அரை லிட்டரானதும் அளந்தால் தாம்பாளத்தில் அடர்த்தி இரு மடங்காகியிருக்கும். பாட்டிலில் மாற்றமே இராது. மீட்டர் இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டியைக் கண்ணாடித் தட்டில் காயவிட்டு வெண்படிவை ஒப்பிடலாம். உண்மையான டவரைக் காட்டச் சென்றால் தூரத்திலிருந்து காட்டுங்கள். பராமரிப்பற்ற டவரின் நீர்த்துளியில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரக்கூடும்.

பள்ளியில் டவர் இல்லாவிட்டாலும் மூடிய மேல்நிலைத் தொட்டி இருக்கும். வெள்ளி மாலை மோட்டாரை நிறுத்தியபின் நீர்மட்டத்தை ஆசிரியர் அளந்து சொல்ல, மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். திங்கள் காலை மட்டம் எத்தனை செ.மீ. இறங்கியிருக்கிறது? தொட்டியின் நீள அகலத்தால் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். அடுத்த வாரம் கழிப்பறைக் குழாயின் வால்வை மட்டும் மூடிவிட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.